நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்: குழந்தை வீடு திரும்பிய பிறகு செய்ய வேண்டியவை

காலையில் எழுந்தால் கண் இமை உப்பியிருக்கும். கண் டாக்டரிடம் காட்டி அலர்ஜி மருந்து போட்டுப் பார்த்திருப்பீர்கள். பிறகு கால் வீங்கி, வயிறு பெருத்து, சிறுநீர் குறைந்து, கடைசியில் யூரின் டெஸ்டில்தான் விஷயம் தெரிந்திருக்கும். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த முதல் நாட்களை இப்படித்தான் கடந்து வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் வீக்கம் வடிந்து, மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகான வேலை பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டியில் ஓட்டை பெரிதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகிவிடுகிறது. ரத்தத்தில் அது குறைந்ததும் நீர் ரத்தக் குழாயை விட்டுக் கசிந்து உடம்பில் தேங்குகிறது. 2 முதல் 6 வயதுக்குள் அதிகம் வரும், ஆண் குழந்தைகளுக்குக் கூடுதலாக வரும். பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே புரதம் நின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள். ஆனால் அப்படி நின்ற குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது திரும்ப வரும். திரும்ப வருவது உங்கள் கவனக்குறைவால் அல்ல, நோயின் சுபாவமே அது. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகையாக இருந்தால் எத்தனை முறை வந்தாலும் சிறுநீரகம் கெட்டுப்போவது அரிது. வளர வளர, பதின்வயதுக்குள் பெரும்பாலோருக்கு விட்டுவிடும்.

திரும்ப வருவதை வீக்கத்தை வைத்துக் கண்டுபிடித்தால் தாமதம். வீக்கத்துக்குச் சில நாள் முன்பே சிறுநீரில் புரதம் வந்துவிடும். அந்தச் சில நாளைப் பிடித்துவிட்டால் அட்மிஷன் இல்லாமலே சமாளித்துவிடலாம்.

காலைச் சிறுநீர்

தூங்கி எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். ஓடியாடிய பிறகு எடுத்தால் சில குழந்தைகளுக்கு நோய் இல்லாமலே கொஞ்சம் புரதம் காட்டும். ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். பாத்திரத்தில் சோப்போ டெட்டாலோ ஒட்டியிருக்கக் கூடாது. கிருமிநாசினி படிந்திருந்தால் ஸ்ட்ரிப் பொய்யாகப் பச்சை காட்டும். டயாப்பரில் இருக்கும் குழந்தைக்குச் சுத்தமான பஞ்சை உள்ளே வைத்து, நனைந்ததும் பிழிந்து சோதிக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் பத்துக் கட்டம் உள்ள ஸ்ட்ரிப்பை நீட்டுவார்கள். அது தேவையில்லை. புரதமும் சர்க்கரையும் மட்டும் காட்டும் ஸ்ட்ரிப் விலை குறைவு, அதுவே போதும். சர்க்கரைக் கட்டமும் வீண் இல்லை, ஸ்டீராய்டு சில குழந்தைகளுக்குச் சர்க்கரையை ஏற்றும்.

ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் முக்கி உடனே எடுங்கள். ஊற வைத்தால் மருந்து கரைந்து போய்விடும். டப்பா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, படுக்கைவாட்டில் பிடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் 60 விநாடி, காத்திருந்து நிறத்தை ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் நிறம் மாறித் தவறாகத் தெரியலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், ஜன்னலோரம் போங்கள். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. லேசாகப் பச்சை தட்டினால் ட்ரேஸ், அதாவது மிகச் சிறு அளவு. அதற்கு மேல் பச்சை கூடக் கூட 1+, 2+, 3+, 4+. டெசிலிட்டருக்கு (100 மி.லி.) 30 மி.கி. என்றால் 1+, 100 என்றால் 2+, 300 என்றால் 3+.

டப்பாவுக்குள் இருக்கும் சின்ன உறிஞ்சிப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடியை உடனே மூடுங்கள். குளியலறையிலும் ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டாம். ஈரம் ஏறிய ஸ்ட்ரிப் தவறான விடை சொல்லும். கட்டத்தை விரலால் தொடக் கூடாது.

ஸ்ட்ரிப் கட்டுப்படியாகாத வீடுகளுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது, அதுவும் நம்பகமானதே. சோதனைக் குழாயில் முக்கால் அளவு சிறுநீர் எடுத்து, சாய்த்துப் பிடித்து, மேல் பகுதியை மட்டும் நெருப்பில் கொதிக்க விடுங்கள். குழாயின் வாய் யார் முகத்துக்கும் நேராக இருக்கக் கூடாது. மேலே வெள்ளையாகக் கலங்கினால் மூன்று நான்கு சொட்டு வெள்ளை வினிகர் விடுங்கள். கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட் உப்பு, பயமில்லை. நின்றால் புரதம். குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். லேசான கலங்கல் வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தால் 1+. எழுத்து மங்கி, தடித்த தலைப்பு மட்டும் தெரிந்தால் 2+. எதுவுமே தெரியாமல் வெள்ளையாக மறைத்தால் 3+. தயிர் போலத் திரிந்து கட்டியானால் 4+. கொதிக்க வைக்காமல், சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டாக விட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் இதே அளவுகோல்தான். அந்த அமிலத்தின் செறிவு கடைக்குக் கடை மாறும், எத்தனை சொட்டு என்பதை உங்கள் லேபில் கேட்டு பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அமிலம் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

மாத்திரை ஓடும் காலத்தில் தினமும் பாருங்கள். புரதம் நின்ற பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்வார். சளி, காய்ச்சல், பேதி எது வந்தாலும் மறுபடி தினமும்.

நோட்டு

சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, எடை, புரதம், கொடுத்த மாத்திரை அளவு, குறிப்பு என்று ஐந்து பத்தி. எடையை காலையில், சிறுநீர் போன பிறகு, சாப்பிடும் முன், அதே எடைக் கருவியில் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் அரைக் கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். மாதக்கணக்கில் மெல்ல ஏறுவது பசியின் எடை. குறிப்புப் பத்தியில் "சளி", "இமை வீக்கம்", "பள்ளியில் அம்மை" என்று ஒரு சொல் போதும்.

இரண்டு விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தொடர்ந்து 3 நாள் புரதம் இல்லை அல்லது ட்ரேஸ் என்றால் நோய் அடங்கியது. தொடர்ந்து 3 நாள் 3+ அல்லது அதற்கு மேல் என்றால் திரும்பிவிட்டது. ஒரு நாள் 2+ பார்த்துவிட்டு வீடே கலங்கிப் போவது சகஜம். சளிக் காய்ச்சலில் 1+, 2+ வந்து, சளி போனதும் தானே போய்விடுவது உண்டு. எழுதிவிட்டு மறுநாள் பாருங்கள். ஆனால் 3+ ஆக இருந்து வீக்கமும் தெரிந்தால், மருத்துவரிடம் போக மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அம்மா, அப்பா இருவருக்குமே இந்தச் சோதனை தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்க்கிற வீட்டில், அவருக்கு உடம்பு முடியாத வாரத்தில் நோட்டு காலியாக இருக்கும். நோய் திரும்பும் வாரமும் சில சமயம் அதுவாகவே அமைந்துவிடும்.

பிரட்னிசலோன்

பிரட்னிசலோன்தான் அந்த ஸ்டீராய்டு மாத்திரை. முதல் முறை வந்தவர்களுக்கு இந்தியாவில் வழக்கமான கணக்கு இது: எடையில் கிலோவுக்கு 2 மி.கி. தினமும், 6 வாரம். அதிகபட்சம் 60 மி.கி. பிறகு கிலோவுக்கு 1.5 மி.கி., அதிகபட்சம் 40 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள், இன்னும் 6 வாரம். திரும்ப வந்தால், புரதம் நிற்கும் வரை தினமும் கொடுத்துவிட்டு, அதன்பின் 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். உங்கள் குழந்தைக்கு அளவைக் குறிப்பது மருத்துவர்தான். கணக்கு தெரிந்திருந்தால் சீட்டில் தவறு இருந்தால் கேட்க முடியும், அதற்காகவே இங்கே சொல்வது.

பெரிய தவறு சிரப்பில் நடக்கிறது. 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ள பாட்டிலும், 5 மி.லி.யில் 15 மி.கி. உள்ள பாட்டிலும் கடையில் உண்டு. 14 கிலோ குழந்தைக்கு நாளுக்கு சுமார் 28 மி.கி. வேண்டும். கெட்டியான சிரப்பில் அது 9 மி.லி. சொச்சம். அதே 9 மி.லி.யை நீர்த்த சிரப்பில் கொடுத்தால் 9 மி.கி. மட்டுமே போகிறது, மூன்றில் ஒரு பங்கு. "மருந்து வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்கள் முதலில் பாட்டில் லேபிளைப் பாருங்கள். சீட்டில் மி.லி. மட்டும் எழுதியிருந்தால் மி.கி.யும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாகக் கொடுங்கள். இரவில் கொடுத்தால் தூக்கம் போகும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு எரியும். மாத்திரை கடும் கசப்பு. ஒரு டீஸ்பூன் வெல்லப்பாகிலோ மசித்த வாழைப்பழத்திலோ குழைத்துக் கொடுக்கலாம். ஒரு டம்ளர் பாலில் கரைத்தால் பாதி மிச்சம் வைக்கும், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. மேல் பூச்சு உள்ள மாத்திரையா, பொடிக்கலாமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்த அரை மணிக்குள் முழுவதும் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் கேட்டு மறுபடி கொடுங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டத்தில் "ஒற்றைப்படைத் தேதி" என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. 31ஆம் தேதியும் அடுத்த நாள் 1ஆம் தேதியும் ஒற்றைப்படைதான், தொடர்ந்து இரண்டு நாள் போய்விடும். தினசரி காலண்டரில் மாத்திரை நாள் தாள்களில் மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள். கொடுத்த பிறகே அன்றைய தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டால் "கொடுத்தாயா, கொடுக்கவில்லையா" என்ற சண்டை இருக்காது.

முகம் உருண்டுவிட்டது, ரோமம் வளர்கிறது என்று பயந்து நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் வெளியிலிருந்து கொடுக்கும்போது உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால், அதுவும் காய்ச்சலோ வாந்தியோ உள்ள நாளில், குழந்தை துவண்டுவிடும். மாத்திரை வயிற்றில் நிற்காத அளவு வாந்தி வந்தால் ஊசியாகப் போட வேண்டியிருக்கும், அன்றே போங்கள். மாத்திரை முடிந்து ஒரு வருடம் வரை, அடிபட்டோ அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ எந்த மருத்துவரிடம் போனாலும் "ஸ்டீராய்டு சாப்பிட்ட குழந்தை" என்பதுதான் முதல் வாக்கியம். கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதித் தந்திருந்தால் அதையும் விடாதீர்கள். பலமுறை ஸ்டீராய்டு போகும் குழந்தைக்குக் கண் பரிசோதனை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உப்பும் பசியும்

வீக்கம் உள்ள நாட்களில் சின்னக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 1 முதல் 2 கிராம் உப்பு. தலைதட்டிய ஒரு டீஸ்பூனில் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது, ஆக கால் டீஸ்பூன்தான் கணக்கு. வீக்கம் வடிந்து புரதம் நின்ற பிறகு இவ்வளவு கெடுபிடி வேண்டாம், மேலே உப்புத் தூவாமல், ஊறுகாயும் பாக்கெட் தின்பண்டமும் இல்லாமல் வீட்டுச் சாப்பாடு போதும். இந்துப்பு நல்லது என்பார்கள். அதுவும் சோடியம்தான். "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கும், கேட்காமல் தொடாதீர்கள்.

குழந்தைக்கென்று தனிச் சமையல் நாலு நாள் நடக்கும், ஐந்தாம் நாள் நின்றுவிடும். அதைவிட, குழம்பையும் பொரியலையும் உப்பில்லாமல் இறக்கி, குழந்தைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் உப்புப் போடுவது எளிது. இட்லி மாவு கரைக்கும்போது உப்புப் போடும் முன் ஒரு கிண்ணம் தனியே எடுங்கள். எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கொத்தமல்லி எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். அப்பளம், வடகம், கருவாடு, மிக்சர், பிஸ்கட், பிரட், நூடுல்ஸ் இவற்றில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பொரியை மறந்துவிடுவார்கள், அதை உப்புப் போட்டே பொரிக்கிறார்கள். சோடா மாவு போட்ட பஜ்ஜியும் இந்தக் கணக்கில் வரும்.

புரதம் வெளியே போகிறதே என்று நாளைக்கு நாலு முட்டை வெள்ளைக்கருவை ஊட்டுவது ஒரு கட்சி. கிட்னி நோய், பருப்பே கூடாது என்பது இன்னொரு கட்சி. இரண்டும் வேண்டாம். அதே வயதுக் குழந்தை சாப்பிடும் அளவு பருப்பு, முட்டை, தயிர் போதும். எண்ணெய், நெய் மட்டாக. தண்ணீரைக் குறைக்க மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன அளவுக்குக் குறையுங்கள்.

ஸ்டீராய்டுப் பசி பொய்ப் பசி இல்லை. குழந்தைக்கு உண்மையாகவே பசிக்கும். சாப்பிட்டு முடித்த பத்து நிமிடத்தில் தட்டோடு வந்து நிற்கும், இல்லை என்றால் தரையில் புரண்டு அழும். இரவு இரண்டு மணிக்கு எழுப்பித் தோசை கேட்கும். கண்டித்துப் பயனில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள், மொத்த அளவு அதிகமாக வேண்டாம். இடையில் வெள்ளரி, கொய்யா, உப்பில்லாத சுண்டல், நீர்மோர். பார்க்கக் கூடாததைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், வீட்டில் யாருமே அதை வாங்காமல் இருப்பது உத்தமம். எரிச்சல், அழுகை, அடிப்பது எல்லாம் தினசரி டோஸ் குறைந்ததும் குறையும் என்பதைத் தாத்தா பாட்டிக்கும் சொல்லிவிடுங்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்ற பேச்சு அம்மாவின் காதில் விழாமல் இருக்கும்.

சளி, அம்மை, தடுப்பூசி

நோய் திரும்ப முதல் காரணம் சாதாரணச் சளி. அடிக்கடி திரும்பும் குழந்தைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரையில் இருந்தால், சளி பிடித்த ஐந்து முதல் ஏழு நாளுக்கு அதே அளவைத் தினமும் கொடுக்கச் சில மருத்துவர்கள் சொல்வார்கள். எல்லோரும் சொல்வதில்லை. உங்கள் மருத்துவரின் திட்டம் என்ன என்பதை, சளி வரும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம், சிறுநீரகத்தைத் தாக்கும். போன முறை மிச்சமான நீர் பிரியும் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

சின்னம்மையை இந்த வீடுகள் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டில் இருக்கும் குழந்தைக்கு அது நுரையீரல் வரை போகலாம். அம்மை போட்ட வீட்டில் வெளியே சொல்லாமல் வேப்பிலை கட்டி உள்ளே இருப்பது நம் ஊர் வழக்கம். அதனால் அக்கம்பக்கத்திலும் பள்ளியிலும் "யாருக்காவது அம்மை என்றால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குழந்தை அவர்களோடு விளையாடியது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அம்மையைத் தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியை (இது தடுப்பூசி அல்ல) முடிந்தவரை சீக்கிரம், 96 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. கொப்புளம் வந்துவிட்டால் அசைக்ளோவிர் மருந்து இருக்கிறது. வேப்பிலை கட்டுவதை யாரும் தடுக்கவில்லை, மருந்தும் வேண்டும்.

நிமோனியாத் தடுப்பூசியும் வருடாந்திர ஃப்ளூ ஊசியும் இந்தக் குழந்தைகளுக்கு அவசியம். எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை, அதிக அளவு ஸ்டீராய்டு முடிந்து 4 வாரம் ஆகும் வரை தள்ளிப் போடுவார்கள். போலியோ சொட்டு மருந்து நாள் வந்தால், தம்பி தங்கைக்குப் போடுவது பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

மொட்டை, காது குத்து வேண்டுதல் இருந்தால் தினசரி ஸ்டீராய்டு ஓடும் மாதங்களில் வேண்டாம். தோலில் சின்னக் கீறல் போதும், சீழ் பிடிக்க. சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம் சொல்பவர்களிடம் மறுப்பது சங்கடம்தான். மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் எது என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, என்று சொல்லி நிறுத்துங்கள். பாதரசம் கலந்த மருந்துகளும், பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களும் தாமே சிறுநீரில் புரதத்தை ஒழுக விடும், அவற்றைக் கிட்டவே சேர்க்காதீர்கள்.

உடனே கிளம்ப வேண்டியவை

- வயிற்று வலியோடு காய்ச்சல். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால் வீங்கிய குழந்தைக்கு வயிற்று வலி மட்டும் இருந்தாலும் போதும்.
- வாந்தி, பேதியோடு கை கால் ஜில்லிடுவது, தலைசுற்றல், அரை நாளாகச் சிறுநீர் போகாதது.
- ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. ரத்தம் உறைந்திருக்கலாம்.
- விடாத தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல்.
- மூச்சு வாங்குவது, படுக்க முடியாதது.
- தோல் சிவந்து சுட்டு வலிப்பது.

பள்ளியும் பயணமும்

இது தொற்றாது. ஒரே தட்டில் அண்ணன் தங்கை சாப்பிடலாம், கட்டிப்பிடித்துத் தூங்கலாம். வீக்கம் வடிந்து தெம்பு வந்ததும், மருத்துவர் சரி என்றதும் பள்ளிக்கு அனுப்புங்கள். வருடம் முழுவதும் வீட்டில் பூட்டி வைத்தாலும் அண்ணன் கொண்டுவரும் சளியைத் தடுக்க முடியாது. ஆசிரியரிடம் நாலு வரிச் சீட்டு கொடுங்கள்: கேட்கும்போது கழிப்பறைக்கு விட வேண்டும், பிறர் தரும் சிப்ஸ் வேண்டாம், வகுப்பில் அம்மை வந்தால் அன்றே போன், முகம் உருண்டிருப்பது மருந்தால், கேலி செய்தால் அடக்குங்கள். நாலு வயதுக் குழந்தையும் கேலியைப் புரிந்துகொள்ளும். "மாத்திரைக் கன்னம், மாத்திரை நின்னா போயிடும்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

ஊருக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி நகல், நோட்டு, ஸ்ட்ரிப், போகும் நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலான மாத்திரை. தாலுகா ஊரில் அதே மி.கி. மாத்திரை கிடைக்காமல் போகலாம். எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பஸ்ஸின் டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம்.